சாகித்ய அகாதெமி நாவல்களைச் சேர்ப்பது: எந்தப் பதிப்பு வாங்கலாம், உப்புக்காற்றில் எப்படிக் காப்பது?

தெற்குத்தெரு (கீழக்கரை) கேட்டது:

சாகித்ய அகாதெமி விருது வாங்கிய தமிழ் நாவல்களை மட்டும் ஒரு தொகுப்பாகச் சேர்த்து, வரிசையாகப் படிக்கவும் திட்டம். பட்டியலை எடுத்துப் பார்த்தால் கவிதை, கட்டுரை, சிறுகதை எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது. நாவல் எவை, எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய புத்தகக் கடைக்காரர் "முதல் பதிப்பு" என்று சொல்லி விலை ஏற்றுகிறார். அதை எப்படிச் சரிபார்ப்பது?

இன்னொரு தலைவலி. வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். ஸ்டீல் பீரோவில் வைத்தாலும் அட்டை வளைகிறது, ஓரத்தில் பழுப்புப் புள்ளி விழுகிறது, ராமபாணப் பூச்சி வேறு. நாப்தலின் உருண்டை போட்டும் புள்ளி நிற்கவில்லை. இந்தக் கரையில் புத்தகம் சேர்ப்பதே வீண் வேலையா?

பழம்பதிப்பு:

காக்கா (அண்ணே), முதலில் பட்டியலை முடித்துவிடுவோம். 1955இல் விருது தொடங்கியதிலிருந்து 2023 வரை தமிழில் நாவலுக்குக் கிடைத்தது சுமார் 30 தடவைதான். எட்டிப் பிடிக்கக்கூடிய எண்ணிக்கை, கவலை வேண்டாம்.

பழைய கண்ணிகள் இவை: அலை ஓசை (1956), அகல் விளக்கு (1961), வேங்கையின் மைந்தன் (1963), சமுதாய வீதி (1971), சில நேரங்களில் சில மனிதர்கள் (1972), வேருக்கு நீர் (1973), குருதிப்புனல் (1977), சேரமான் காதலி (1980), ஒரு காவிரியைப் போல (1984). 90களில் நாவலுக்கு அடைமழை: வேரில் பழுத்த பலா (1990), கோபல்லபுரத்து மக்கள் (1991), குற்றாலக் குறிஞ்சி (1992), காதுகள் (1993), புதிய தரிசனங்கள் (1994), வானம் வசப்படும் (1995), சாய்வு நாற்காலி (1997), விசாரணைக் கமிஷன் (1998). பிறகு சுதந்திர தாகம் (2001), கள்ளிக்காட்டு இதிகாசம் (2003), கல்மரம் (2005), இலையுதிர் காலம் (2007). 2011 முதல் 2014 வரை நான்கு வருடம் தொடர்ந்து நாவல்: காவல் கோட்டம், தோல், கொற்கை, அஞ்ஞாடி. அப்புறம் சஞ்சாரம் (2018), சூல் (2019), செல்லாத பணம் (2020), காலா பாணி (2022), நீர்வழிப் படூஉம் (2023).

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடங்கள் உண்டு. தி. ஜானகிராமனுக்கு விருது சக்தி வைத்தியத்துக்கு (1979), அசோகமித்திரனுக்கு அப்பாவின் சினேகிதருக்கு (1996). இரண்டும் சிறுகதைத் தொகுப்பு. அவர்களுடைய பேர்போன நாவல்களை "சாகித்ய அகாதெமி விருது பெற்ற ஆசிரியர்" என்று அட்டையில் அச்சிட்டு விற்பார்கள். பொய்யில்லை, ஆனால் உங்கள் வரிசையில் அது சேராது. ஞானபீடத்திலும் இதே கதைதான். அகிலனுக்கு 1975இல் சித்திரப்பாவை என்ற குறிப்பிட்ட நாவலுக்குக் கிடைத்தது. 1982க்குப் பிறகு அந்த விருது ஒரு நூலுக்கு என்றில்லாமல் எழுத்தாளரின் மொத்தப் பங்களிப்புக்கு என்று ஆகிவிட்டது. ஜெயகாந்தனுக்கு 2002இல் வந்தது அந்த வகை. அதனால் அவருடைய எந்த நாவலையும் "ஞானபீடம் பெற்ற நாவல்" என்று யாராவது நீட்டினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

முதல் பதிப்பு விஷயம். தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் உள்ள விவரக் குறிப்பைத்தான் நம்ப வேண்டும், அதையும் பாதிதான். பதிப்பகம் மாறும்போது புதிய பதிப்பகம் தன் கணக்கில் மறுபடியும் "முதல் பதிப்பு" என்று போடும். ஒரே நாவலுக்கு மூன்று "முதல் பதிப்பு" கிடைப்பது இங்கே சர்வசாதாரணம். எனவே ஆண்டை வைத்து மடக்குங்கள். இப்போதுள்ள விதிப்படி, விருது ஆண்டுக்கு முந்தைய ஆண்டைக் கழித்துவிட்டு, அதற்கு முன்னுள்ள ஐந்து ஆண்டுகளில் முதன்முதலாக வெளிவந்த நூலே தகுதி பெறும். 2019 விருது என்றால் 2013 முதல் 2017க்குள் வந்திருக்க வேண்டும். சூல் 2016. கடைக்காரர் 2020 என்று அச்சிட்ட பிரதியைக் காட்டி முதல் பதிப்பு என்றால் கணக்கு இடிக்கும். பழைய விருதுகளுக்கு இதை அப்படியே போடாதீர்கள், இடையில் விதி மாறியிருக்கிறது.

அட்டையில் "விருது பெற்ற நாவல்" என்ற வாசகமோ வட்ட முத்திரையோ அச்சாகியிருந்தால் அது விருதுக்குப் பிந்திய அச்சு. ஒட்டிய ஸ்டிக்கர் என்றால் மட்டும் உள்ளே பாருங்கள். விருது வழக்கமாக டிசம்பரில் அறிவிப்பாகும், ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி. கையிருப்பில் உள்ள பழைய அச்சின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் நடக்கும். அது நமக்கு லாபம்.

1980க்கு முந்திய பிரதிகளுக்குக் கண்ணும் விரலும் போதும். தாளின் பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். ஈய எழுத்தில் அச்சானது என்றால் எழுத்து அழுந்திய மேடு தட்டுப்படும், ஆஃப்செட் மழமழவென்று இருக்கும். லை, ளை, னை, ணை நான்கும் பழைய கொம்பு வடிவத்தில் இருக்கிறதா, றா, னா, ணா சுழித்து வருகிறதா பாருங்கள். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். 1985 என்று அச்சிட்ட புத்தகத்தில் பழைய எழுத்து இருந்தால் பதற வேண்டாம், கைவசம் இருந்த பழைய எழுத்தை வைத்தே பல அச்சகங்கள் சில காலம் ஓட்டின. ஆனால் 1965 என்று போட்ட பிரதியில் புதிய லை இருந்தால், அது பெரும்பாலும் பிந்திய மறு அச்சுதான்.

பக்கம் குறைகிறதா என்று பார்க்க ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டியதில்லை. பழைய புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்கப் பாரங்களாக (மடித்த தாள் கட்டுகளாக) தைத்தவை. ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் நூலின் சுருக்க எழுத்தும் பார எண்ணும் பொடியாக இருக்கும். 17, 33, 49, 65 என்று அந்த இடங்களை மட்டும் திருப்பி எண் தொடர்கிறதா பாருங்கள். பாரம் இடம் மாறித் தைத்ததும் இதிலேயே தெரிந்துவிடும். நூலகப் பிரதி என்றால் "நீக்கப்பட்டது" என்ற முத்திரை இருக்க வேண்டும். அது இல்லாமல் நூலக முத்திரை மட்டும் இருந்தால் தொடாதீர்கள்.

என் கருத்து: எல்லாவற்றையும் முதல் பதிப்பாகத் தேடி அலைவது உங்கள் ஊரில் பணத்தை உப்பில் போடுவதுதான். ஐந்தாறு நூலுக்கு அந்தப் பிடிவாதம் வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு நல்ல தாளில் தைத்த பைண்டிங் பதிப்பு வாங்குங்கள்.

முகவை எட்டாம் அலமாரி:

மேலே சொன்னதோடு இரண்டு விஷயம்.

கல்கியின் நூல்களும் ராஜம் கிருஷ்ணனின் நூல்களும் நாட்டுடைமை ஆனவை. அதனால் அலை ஓசை பல பதிப்பகங்களில் கிடைக்கும், விலையும் குறைவு. தரம்தான் குலுக்கல் சீட்டு மாதிரி. பிழை மலிந்த, எழுத்து நெருக்கிய அச்சு நிறைய உலவுகிறது. அலை ஓசை நான்கு பாகம். "முழு நாவல்" என்று எழுதியிருந்தாலும் பொருளடக்கத்தில் நான்கு பாகத் தலைப்பும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்களின் பழைய பதிப்புகள் வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. கடையில் கிடைத்த பிரதியின் விவரப் பக்கத்தை அதோடு ஒப்பிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

பதிப்பு வருடத்தை உறுதிசெய்ய கன்னிமாரா நூலகப் பட்டியலையும் ரோஜா முத்தையா நூலகப் பட்டியலையும் பாருங்கள். நேரில் பார்க்க நமக்குப் பக்கம் என்றால் புதுக்கோட்டை ஞானாலயாதான். முதல் பதிப்புகளுக்கே பேர் போன இடம். அங்கே போகும்போது வெறுங்கையோடு போகாமல், எந்த நூலில் என்ன சந்தேகம் என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

உப்புக்காற்று (பாம்பன்):

தம்பி, வீண் வேலை இல்லை. ஆனால் பீரோவும் நாப்தலினும் கடற்கரைக்குச் செய்தவை அல்ல. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

பழுப்புப் புள்ளி பூச்சியால் வருவதில்லை. அது பூஞ்சையும் தாளில் உள்ள இரும்புத் துகளும் ஈரத்தில் செய்கிற வேலை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நம் கரையில் இரவெல்லாம் அதற்கு மேல்தான். நாப்தலின் பூச்சியை ஓரளவு விரட்டும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஆளுக்கும் நல்லதில்லை, மூடிய அறையில் வேண்டவே வேண்டாம்.

உப்புக்கு இதில் தனிப் பங்கு. சுத்தமான உப்பு ஈரப்பதம் 75 சதவீதம் ஆனதும் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். காற்றோடு வந்து புத்தகத்தின் மேல் விளிம்பில் படிகிற தூள் அந்த இடத்தை எப்போதும் நமத்த மாதிரியே வைத்திருக்கும். புள்ளி ஓரத்தில் முதலில் வருவது இதனால்தான். கீழக்கரைக்குக் கடல் தெற்கே. சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு நேரே அலமாரி இருக்கக் கூடாது. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் உள்ளவர்களுக்கு வாடைக்காலத்தில் கிழக்குச் சுவரைச் சொல்ல வேண்டும்.

முதல் வேலை, ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். அதை நம்புவதற்கு முன் சோதியுங்கள். பாட்டில் மூடியில் ஒரு தேக்கரண்டி பொடி உப்பு, அதன் மேல் சில சொட்டுத் தண்ணீர். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் பதத்தில் இருக்க வேண்டும். மூடியையும் மானியையும் ஒரு ஜிப் கவருக்குள் வைத்து, மூடி கவிழாமல், காற்று போகாமல் பூட்டி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் உங்கள் மானி 4 கூட்டிச் சொல்கிறது, அந்தக் கணக்கை அட்டையில் எழுதி ஒட்டுங்கள். வாலிநோக்கத்துக் கல்லுப்பைப் போடாதீர்கள். அதில் மற்ற உப்புகளும் இருப்பதால் அளவு குறைத்துக் காட்டும். கடையில் விற்கும் சுத்திகரித்த பொடி உப்புதான் சரி.

அடுத்தது பெட்டி. 40 முதல் 50 லிட்டர் கொள்ளும், மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் பெட்டி. கிளிப் மட்டும் உள்ளது காற்றை அடைக்காது. அதில் சுமார் 15 கிலோ புத்தகம் தாராளமாக நிற்கும். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். நமத்த புத்தகத்தை அப்படியே அடுக்கி, இரண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல் போட்டு மூடிவிடுவார்கள், மூன்று மாதத்தில் உள்ளே பூஞ்சை. கணக்கைப் பாருங்கள். 80 சதவீத ஈரக் காற்றில் இருக்கும் தாள் தன் எடையில் பத்து சதவீதம் வரை தண்ணீர் வைத்திருக்கும், 50 சதவீதத்தில் ஆறு ஏழுதான். ஆக 15 கிலோ புத்தகம் வெளிவிட வேண்டிய தண்ணீர் அரை லிட்டர் அளவு. அதைக் குடிக்க இரண்டு கிலோ ஜெல் வேண்டும், 50 கிராம் பொட்டலம் எம்மாத்திரம்? எனவே முதலில் புத்தகத்தை உலர்த்து, பிறகு பெட்டியை மூடு. ஜெல்லின் வேலை பிற்பாடு கசிந்து வருவதைப் பிடிப்பது மட்டும். அதற்கு ஒரு பெட்டிக்கு 300 கிராம் போதும்.

உலர்த்துவது வெயிலில் இல்லை. நேர் வெயில் தாளை மஞ்சளாக்கும், முதுகுப் பசையை இளக்கும். பங்குனி, சித்திரையில் காலை 11 மணிக்கு மேல் பிற்பகல் 3 வரை மானி எப்போது குறைவாகக் காட்டுகிறதோ அப்போது, உள் அறையில், மின்விசிறி ஓட, புத்தகத்தை விசிறி மாதிரி லேசாக விரித்து நிமிர்த்தி வையுங்கள். மூன்றுக்கு மூடிப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். ராத்திரி வெளியே விட்டால் பகல் முழுக்கப் போனது திரும்ப ஏறிவிடும். இப்படி நான்கைந்து நாள். ஏசி அறை இருந்தால் வேலை சுலபம், ஆனால் தொடர்ந்து ஓட வேண்டும். இரவு மட்டும் ஏசி போட்டுப் பகலில் ஜன்னலைத் திறக்கும் அறைதான் எல்லாவற்றிலும் மோசம். குளிர்ந்த அட்டையில் பகல் ஈரம் வியர்த்துப் பிடிக்கும்.

உலர்த்துவதற்கு முன் உப்பைத் தட்டுங்கள். புத்தகத்தை இறுக மூடிப் பிடித்து, முதுகிலிருந்து வெளிப்புறமாக இரண்டு அங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷால் மேல் விளிம்பைத் துடையுங்கள். திறந்து வைத்துத் துடைத்தால் தூள் உள்ளே இறங்கும். லேமினேட் அட்டை என்றால் பிழிந்த துணியால் ஒரு இழுப்பு, உடனே உலர்ந்த துணி. சாதா அட்டைக்குத் தண்ணீர் கூடாது.

ஜெல் வாங்கும்போது ஆரஞ்சு நிறக் குறியுள்ளதைக் கேளுங்கள். ஈரம் ஏறினால் பச்சை ஆகும். நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறினால் 110 முதல் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடியும் பயன்படும். சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். 150 டிகிரிக்கு மேல் போனால் நிறக்குறி கெட்டுவிடும்.

பூச்சிக்கு: புதிதாக வந்த பழைய புத்தகம் எதையும் நேரே அலமாரியில் வைக்காதீர்கள். கெட்டி பாலிதீன் கவரில் கட்டி மூன்று நான்கு வாரம் தனியே. நடுவே எடுத்து வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் புதுப் பொடி விழுகிறதா பாருங்கள். விழுந்தால் உயிரோடு இருக்கிறது. இரண்டு கவர் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது, 24 மணி நேரம் கவரோடே வையுங்கள். உடனே திறந்தால் தாள் வியர்த்துவிடும். ஐஸ் கம்பெனியில் வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்தக் குளிர் பூச்சியைக் கொல்லாது, ஈரம் மட்டும் மிஞ்சும். வேப்பிலை போடுவதானால் நிழலில் மொறுமொறுவென்று காய்ந்த இலை. பச்சை இலை போடுவது பெட்டிக்குள் தண்ணீர் தெளிப்பதற்குச் சமம்.

தெற்குத்தெரு (கீழக்கரை):

ரொம்ப நன்றி அண்ணே. படிக்கிற புத்தகத்தையும் பெட்டியிலேயே பூட்டி வைக்க முடியாதே, பீரோவை அப்படியே தூக்கி எறியவா? அப்புறம் காவல் கோட்டம், கொற்கை, அஞ்ஞாடி மூன்றும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிற தடி. கெட்டி அட்டை இல்லாத பிரதி வாங்கினால் பாதி படிப்பதற்குள் முதுகு பிளந்துவிடும் என்று பயம். அதற்கு ஏதாவது வழி உண்டா?

உப்புக்காற்று (பாம்பன்):

பீரோ இருக்கட்டும். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தரையிலிருந்து நான்கு அங்குலம் உயரமாக, கடல் பக்கச் சுவரில் சாயாமல் வையுங்கள். தட்டுகளின் மேல் சன்னப் பலகையோ கெட்டி அட்டையோ விரித்து, புத்தகம் இரும்பில் நேரே படாமல் பாருங்கள். துரு தாளில் இறங்கினால் எடுக்கவே முடியாது. பழைய சிற்றிதழ்களோடு சேர்த்து வைத்திருந்தால் அவற்றின் ஸ்டேபிள் பின்னைக் கழற்றி நூலால் தைத்துவிடுங்கள். பீரோவில் இடைவெளி விட்டு அடுக்குங்கள், பகல் 11 முதல் 3 வரை கதவைத் திறந்து விடுங்கள், சாயங்காலக் கடற்காற்று எழுவதற்கு முன் மூடிவிடுங்கள். மழை மாதங்களில் திறக்கவே வேண்டாம்.

பிளாஸ்டிக் உறை போடுபவர்கள் பிவிசி வாங்காதீர்கள், மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உறை போட்டால் மேலும் கீழும் திறந்தே விடுங்கள். செலோ டேப் எங்கேயும் வேண்டாம்.

தைத்த முதுகு:

தடிப் புத்தகத்துக்கு நான் சொல்கிறேன். வாங்கும்போதே முதுகின் மேல் முனையைப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்ன மடிப்புகளாகத் தெரிந்து, நடுவே நூல் தட்டுப்பட்டால் தைத்த பைண்டிங். வெட்டிய தாள்கள் நேராகப் பசையில் நிற்கிறது என்றால் பெர்ஃபெக்ட் பைண்டிங், பெயரில் மட்டும்தான் பெர்ஃபெக்ட். அந்தச் சூட்டுப் பசை குளிரில் விறைத்து வெடிக்கும், நம் கோடையில் மூடிய காருக்குள் இளகும்.

புதுப் பிரதியைக் கைக்கு வந்ததும் பழக்க வேண்டும். மேசையில் முதுகை ஊன்றி நிறுத்துங்கள். இரண்டு அட்டையையும் இரு பக்கமும் சாயவிட்டு, முன்னாலிருந்து இருபது தாள், பின்னாலிருந்து இருபது தாள் என்று மாறி மாறிப் பிரித்து, மடிப்போரத்தை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். எடுத்ததும் நடுவில் திறந்து படபடவென்று அழுத்தினால் அங்கேயே பிளந்துவிடும், பிறகு எப்போது எடுத்தாலும் அந்தப் பக்கம்தான் திறக்கும்.

ஆயிரம் பக்கத்தை நிமிர்த்தி வைத்தால் உள்தாள்களின் பாரம் முதுகைக் கீழே இழுக்கும். சாய்த்து வைத்தால் இன்னும் மோசம். படுக்கவையுங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் அடுக்க வேண்டாம். பிளந்துவிட்டால் பெவிக்காலைக் கொட்டாதீர்கள், உலர்ந்ததும் கல்லாகி அடுத்த இடத்தில் பிளக்கும். ஊரில் கோயில் கணக்கு, பள்ளிப் பதிவேடு கட்டுகிற பைண்டர் யாராவது இருப்பார். ஓரத்தில் துளையிட்டுத் தைக்கச் சொன்னால் உள் ஓரம் அரை அங்குலம் போய்விடும், எழுத்து மடிப்புக்குள் மறையும். அதனால் முதுகை அரம் போட்டுச் சொரசொரப்பாக்கி, நூல் பதித்து, மல் துணி ஒட்டி, மேலே புது அட்டை போடச் சொல்லுங்கள். பழைய மேலட்டையை வெட்டி எறியாமல் உள்ளே சேர்த்துக் கட்டச் சொல்ல மறக்காதீர்கள். மூன்று பக்க விளிம்பையும் கத்திரிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பழக்கத்தில் வெட்டிவிடுவார்கள். முதல் பதிப்பு என்றால் இந்த வேலை எதுவுமே செய்யக் கூடாது, பெட்டியில் படுக்கவைத்துவிட்டுப் படிக்க வேறு பிரதி வாங்குங்கள்.

நெய்தல் வாசிப்பு:

படிக்கும் வரிசையைப் பற்றி யாரும் பேசவில்லை. விருது வருடப்படி படிப்பது அலுப்பு. பட்டியல் வேறு, வாசிப்பு வேறு.

விருது பெற்றது பல தடவை ஒரு தொடரின் இரண்டாவது புத்தகம். கோபல்லபுரத்து மக்களுக்கு முன்னால் கோபல்ல கிராமம், பின்னால் அந்தமான் நாயக்கர். வானம் வசப்படும் படிக்க மானுடம் வெல்லும் கையில் இருக்க வேண்டும், இரண்டும் ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரி. சில நேரங்களில் சில மனிதர்களுக்கு வேர் அக்கினிப் பிரவேசம் என்ற சிறுகதை, தொடர்ச்சி கங்கை எங்கே போகிறாள். காலா பாணிக்கு முன்கதை '1801' என்ற நாவல். விருது நூலை மட்டும் வாங்கி அலமாரியில் நிறுத்தினால் தொகுப்பு முழுமைதான், வாசிப்பு அரைகுறை. சுதந்திர தாகம் மூன்று பாகம். ஒரு பாகம் மட்டும் கிடைக்கிறது என்றால் மற்ற இரண்டும் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல் வாங்காதீர்கள்.

நம் கரைக்காரர்களுக்கு நான் சொல்லும் தொடக்கம் காலா பாணி. சிவகங்கையின் வேங்கை பெரிய உடையணத் தேவரும் மற்றவர்களும் 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட கதை, காளையார்கோவில் நமக்கு எட்டிப் பார்க்கும் தூரம். அடுத்து சாய்வு நாற்காலி. குமரிக் கரையின் முஸ்லிம் பேச்சு, மலையாளம் கலந்தது. கீழக்கரைக்காரருக்குச் சில சொற்கள் சட்டென்று பிடிபடும், சில இடிக்கும். முதல் முப்பது பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் காது பழகிவிடும். பிறகு கொற்கை, தூத்துக்குடிப் பரதவர் வாழ்க்கை. தலைமுறைகள் வந்து போவதால் முதல் நாளிலிருந்தே ஒரு தாளில் குடும்ப வரிசை எழுதிக்கொண்டே போங்கள், நூறு பக்கத்துக்குப் பின் எழுதத் தொடங்கினால் சிக்கல் அவிழாது. அதே தாள் முறை அஞ்ஞாடிக்கும் காவல் கோட்டத்துக்கும் பொருந்தும். கண்மாயை நம்பிய ஊர்க்காரர்கள் சூல் நாவலை நடுவில் வையுங்கள், ஆயிரம் பக்கத்துக்கு நடுவே மூச்சு விடவும் ஆகும். குருதிப்புனல் சின்ன நூல், ஆனால் கனம். 1968 கீழ்வெண்மணிப் படுகொலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு எடுங்கள். இணையத்தில் குருதிப்புனல் என்று தேடினால் சம்பந்தமில்லாத சினிமா வந்து நிற்கும், ஆசிரியர் பெயர் இந்திரா பார்த்தசாரதியையும் சேர்த்துத் தேடுங்கள்.

விருதை மட்டும் அளவுகோலாக வைத்தால் தமிழ் நாவலில் பெரிய ஓட்டை விழும். சுந்தர ராமசாமிக்கு இந்த விருது கிடைக்கவே இல்லை. அவரை உங்கள் அலமாரியில் ஏற்ற ஒரு பின்வாசல் இருக்கிறது. 1957இல் மலையாளத்துக்கான விருது பெற்ற தகழியின் செம்மீனைத் தமிழில் கொண்டுவந்தவர் அவர்தான், வெளியிட்டது சாகித்ய அகாதெமியே. கடற்கரைத் தொகுப்பில் அதை விட முடியுமா? அதேபோல் வங்காளத்தின் 1956 விருது நூல் ஆரோக்கிய நிகேதனம், த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்ப்பு. இந்த வகை நூல்களுக்குச் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள அகாதெமி அலுவலக விற்பனைப் பிரிவைத்தான் பிடிக்க வேண்டும், கடைகளில் அபூர்வம். அவற்றின் விலை தனியார் பதிப்புகளைவிடக் குறைவு. அச்சில் இல்லாத காலம் நீளமாக இருக்கும், அதனால் கண்ணில் பட்ட அன்றே வாங்கிவிடுங்கள்.

வேறு விருதுகளிலிருந்து இரண்டு மூன்றைச் சேர்ப்பதில் தப்பில்லை. மணப்பாட்டுக் கரையை எழுதிய 'கடல்புரத்தில்' என்ற நாவல் இலக்கியச் சிந்தனை பரிசு பெற்றது. இருநூறு பக்கம்கூட வராது, கொற்கைக்கு முன்னால் படித்தால் கடல் சொற்கள் பழகும். அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் 2011இல்தான் தொடங்கியது, 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. முதல் வருடத் தமிழ் விருதே ஒரு நாவலுக்கு, சேவல்கட்டு. அந்த வரிசை இன்னும் குட்டியாக இருப்பதால் முதல் பதிப்பாகச் சேர்க்க ஆசைப்படுபவர்கள் அங்கே தொடங்கினால் செலவும் குறைவு.

பழம்பதிப்பு:

மேலே சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுப்பு. "கண்ணில் பட்ட அன்றே" என்பது அகாதெமி வெளியீட்டுக்குச் சரி. புதிய நாவல்களுக்கு அவசரமே வேண்டாம். விருது அறிவித்த மாதத்தில் கடைகளில் தட்டுப்பாடு வரும், பழைய பிரதிக்கு இரட்டை விலை சொல்வார்கள். இரண்டு மூன்று மாதத்தில் மறு அச்சு குவிந்துவிடும். ராமநாதபுரத்தில் மாவட்ட நிர்வாகம் நடத்தும் புத்தகத் திருவிழா வரை பொறுத்தால் பத்து சதவீதத் தள்ளுபடியும் உண்டு, தபால் செலவும் மிச்சம்.

தபாலில் வரவழைப்பதானால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்க்கப் பாருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் அனுப்புபவரிடம் இதை எழுதிக் கேளுங்கள்: புத்தகத்தை முதலில் செய்தித்தாளில் சுற்றாமல் (மை ஒட்டும்) வெள்ளைத் தாளில் சுற்றி, பாலிதீன் கவரில் வாயை ஒட்டி, மூலைகளில் அட்டை மடித்துக் கொடுத்து, அதன் மேல் இன்னொரு பாலிதீன். பார்சல் வந்ததும் அன்றைக்கே பிரித்து மூலைகளைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் தாள்களைப் பிரிக்க இழுக்காதீர்கள். இருபது தாளுக்கு ஒன்றாக டிஷ்யூ தாள் செருகி, மணிக்கொரு தரம் மாற்றி, விசிறிக் காற்றில் விடுங்கள். பளபளப்புத் தாளில் படம் உள்ள பக்கங்களுக்குத்தான் முதலில் கை போக வேண்டும், அவை ஒட்டிக்கொண்டால் கிழியாமல் பிரியாது.